வெட்டிய பத்தி

அழகுக் குறிப்பு எழுதிச் சோறு தின்றவள் நான். தொண்ணூறுகளில் ஒரு பெண்கள் பத்திரிகையில் கடைசி நாலு பக்கம் என் பொறுப்பு. என் பெயரில் வராது. ‘அழகுக்கலை நிபுணர்’ என்று ஒரு கற்பனை அம்மாள் இருந்தாள். எங்கள் ஓவியர் அவளுக்குப் பெரிய கொண்டையும் வட்டப் பொட்டும் வைத்து முகம் வரைந்து கொடுத்திருந்தார். நான் படித்தது பி.ஏ. பொருளாதாரம். தோலுக்கு எத்தனை அடுக்கு என்றுகூட அன்றைக்குத் தெரியாது.

கொண்டையம்மாளுக்காக வெட்கப்படவில்லை. ஒரே ஆள் வாரபலனும் எழுதி, வத்தக்குழம்பும் எழுதி, வாசகர் கடிதம் குறைந்தால் அதையும் எழுதிய காலம் அது. என் கணக்கில் இரண்டு வகைப் பாவம் இருக்கிறது. தெரியாமல் எழுதியவை ஒன்று; தெரிந்த பிறகு எழுதாமல் விட்டவை இன்னொன்று. முதல் வகையை இளவயசு, அறியாமை என்று தள்ளுபடி செய்துகொள்ளலாம். எனக்குத் தூக்கம் கெடுவது இரண்டாவதால். ஆனாலும் முதலாவதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

என் பக்கத்தில் தோலுக்கு இருந்த ஒரே வேலை வெளுப்பது. மே மாதம் வந்தால் கோடைச் சிறப்பிதழ். வருஷம் தவறாமல் அதே பல்லவி. வெயிலில் போகாதீர்கள், கறுத்துவிடுவீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1992-லேயே சூரியக் கதிரைப் புற்று உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. நான் கோடைச் சிறப்பிதழ் தயாரித்துக்கொண்டிருந்த அதே வருஷங்கள்தான். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் இங்கிலீஷ் பத்திரிகைகளை வாங்கி வந்துதான் நான் மேட்டர் தேற்றுவேன். அவற்றில் இந்தச் சேதி இருந்தது. மச்சம் பெரிதானால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று கடைசியில் ஒரு கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். அது வெள்ளைக்காரிகளுக்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

சன் ஸ்கிரீன் பற்றி நான் எழுதிய வாக்கியம் இன்னும் மனப்பாடம்: ‘பட்டாணி அளவு எடுத்து முகத்தில் புள்ளி புள்ளியாக வைத்து மென்மையாகத் தடவவும்.’ எந்தக் கிரீமானாலும் எனக்குப் பட்டாணிதான் அளவு. டியூபில் அச்சடித்திருக்கும் எஸ்.பி.எஃப். எண்ணை ஆய்வுக்கூடத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் தடவி அளக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீட்டி அவற்றின் முழு நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். வெயிலிலேயே நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும் தடவ வேண்டும். பட்டாணி அளவு தடவினால் எண் டியூபிலேயே தங்கிவிடும், முகத்துக்கு வராது. அந்த எண்ணையாவது புரிந்துகொண்டேனா என்றால், 50 போட்டது 30 போட்டதைவிட அதிகம் வெளுக்கும் என்று நினைத்தேன், அப்படியே எழுதவும் செய்தேன். சரியான அளவில் பூசினால் 30 என்பது புறஊதா-பி கதிரில் 97 சதவீதம் அளவுக்குத் தடுக்கும். 50 சுமார் 98 சதவீதம். வெளுப்புக்கும் அந்த எண்ணுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஊட்டி விஷயம் இதைவிட மோசம். ‘மலைவாசஸ்தலத்துக்குக் கிளம்புகிறீர்களா? அங்கே வெயில் ஏது! கோல்ட் கிரீம் போதும்’ என்று எழுதியிருக்கிறேன். உடம்பில் சுடுகிற கதிர் வேறு, தோலின் செல்லுக்குள் புகுந்து மரபணுவைக் கெடுக்கிற புறஊதாக் கதிர் வேறு. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் புறஊதாக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சில்லென்ற காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு நாளெல்லாம் படகுத்துறையில் நின்று, வீடு வந்து சேர்ந்தபின் மூக்கு உரிந்த புதுமணத் தம்பதிகளில் சிலராவது என் வாசகர்களாக இருந்திருப்பார்கள்.

எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு இளவெயிலில் காயச் சொன்னதும் நான்தான். எலுமிச்சையில் இருக்கும் சில வேதிப்பொருள்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கொப்புளம் போட வைக்கும். கொப்புளம் ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கார்போகரிசியில் இருக்கும் சோரலனும் அதே சாதி. குளியல் பொடியில் கொஞ்சம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவது வேறு விஷயம். நான் அதை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொன்னேன். வெண்புள்ளிக்குச் சோரலன் கொடுத்துப் புறஊதாக் கதிர் காட்டும் சிகிச்சை ஒன்று உண்டு. அதை டாக்டர்கள் நேரம் அளந்து, பயந்து பயந்துதான் செய்வார்கள். சொரியாசிஸுக்காக அந்தச் சிகிச்சையை நெடுங்காலம் எடுத்த வெள்ளைத்தோல்காரர்களிடம் செதிள்செல் புற்று என்ற தோல் புற்று கூடியதாகவே ஆய்வுகள் காட்டின. கொப்புளம் போட்ட வாசகிகள் கடிதம் எழுதினார்கள். உரிந்தபின் வரும் புதுத்தோல் பொலிவாக இருக்கும் என்று கொண்டையம்மாள் பதில் சொன்னாள்.

ஸ்டீராய்டு கிரீமைப் பற்றியும் ஒரு வரி. ‘மங்குக்கு மருந்துக்கடையில் நல்ல களிம்பு கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்’ என்று பெயர் சொல்லாமல் எழுதினேன். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். அதைப் பூசினால் முதலில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு தெரிந்து, மீசை அரும்பி, அடுப்பங்கரைச் சூட்டுக்கே எரியும். விட்டால் இன்னும் கொதிக்கும். 2018-இல்தான் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதற்குள் என் பக்கம் நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது.

இதுவரை சொன்னது அறியாமைக் கணக்கு. இனி மற்றது.

மங்கு பற்றிப் பேட்டி எடுக்க ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு டாக்டர் ஒருவரைப் பார்க்கப் போனேன். ஓ.பி. முடிந்த மத்தியான நேரம். டாக்டரம்மா அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் மங்கு, தேமல், பரு என்று கேட்டதற்கெல்லாம் பொறுமையாகச் சொன்னார். கேசட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டேன். அப்போது அவர் கேட்டார்: “உங்க பத்திரிகை எத்தனை வீட்டுக்குப் போகுதும்மா?” சொன்னேன். “அப்போ எனக்காக ஒரே ஒரு பத்தி போடுங்க. நீங்க கேட்டதெல்லாம் உயிருக்கு ஆபத்தில்லாத சமாசாரம். நான் ஆபத்தானதைச் சொல்றேன்.”

நம் ஜனங்களின் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம், அதனால் வெள்ளைக்காரர்களைப் போல வெயிலால் வரும் தோல் புற்று நமக்கு அபூர்வம் என்றார். அந்த அபூர்வமே வினையாகிறது. வராது என்று எல்லோரும் நினைப்பதால் வந்தவர்கள் முற்றிப்போய்த்தான் வருகிறார்கள். அதுவும் பல சமயம் வெயில் படாத இடங்களில். பாவாடை நாடா வருஷக்கணக்கில் அறுத்து அறுத்துத் தடித்த இடுப்பில். ஸ்டவ் வெடித்தோ கொதிக்கும் எண்ணெய் கொட்டியோ ஏற்பட்ட பழைய தீக்காயத் தழும்பில், சில சமயம் முப்பது வருஷம் கழித்து. ஆறாமலே கிடக்கும் கால் புண்ணில். உள்ளங்காலில், கட்டைவிரல் நகத்துக்கு அடியில். மூக்கோரத்தில் மச்சம் மாதிரி கருப்பாகப் பளபளவென்று ஒரு பொட்டு வளர்ந்து, நடுவில் பொத்துக்கொண்டு ரத்தம் கசியும்; அதையும் மச்சம் என்றே விட்டுவிடுவார்கள். வெயிலே எமனாகிற ஒரு கூட்டமும் உண்டு. நிறமியே இல்லாமல் வெள்ளை முடியோடு பிறக்கும் பிள்ளைகள். “ஒரு மாசத்துல ஆறாத புண்ணு எதுவா இருந்தாலும், வலிக்காட்டியும், யார்கிட்டயாவது காட்டுங்கன்னு மட்டும் எழுதிடுங்க” என்று முடித்தார்.

நான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன், கைப்பிரதியில் அந்தப் பத்தி இருந்தது. பக்கம் கட்டும் நாளில் சிவப்புப் பேனாவை எடுத்து, அதன் குறுக்கே ஒரு கோடு போட்டேன். ஆசிரியர் வெட்டினார் என்று இத்தனை வருஷமாக மற்றவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். அவர் கண்ணிலேயே அது படவில்லை. எதிர்ப்பக்கம் முழுப்பக்க கிரீம் விளம்பரம். விளம்பரக்காரர்களும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னாலேயே நான் பயந்து ஒதுங்கிக்கொண்டேன். அழகுப் பக்கத்தில் புண்ணும் சீழுமா, யார் படிப்பார்கள் என்று எனக்குள் ஒரு நியாயமும் செய்துகொண்டேன். காலியான இடத்தில் வெள்ளரிக்காய் ஃபேஸ் பேக் போட்டேன். அது அந்தப் பத்திரிகையில் ஏற்கெனவே பலமுறை வந்தது.

இதழ் வந்ததும் டாக்டரம்மா போன் செய்தார். “நான் கேட்டது வரலையேம்மா.”

“இடம் இல்லாமப் போச்சு டாக்டர். அடுத்த இதழ்ல கண்டிப்பா.”

அடுத்த இதழிலும் இடம் இருந்தது. பத்தி போகவில்லை. அவர் திரும்பக் கேட்கவும் இல்லை.

அதற்குப் பின்னால் ஓர் இன்லேண்ட் லெட்டர் வந்தது. ‘பின்னால்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். தென்மாவட்டத்து உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய், யாரையோ வைத்து எழுதியிருந்தாள். மகளுக்கு ஏழெட்டு வயசு. பிறந்ததிலிருந்தே உடம்பு வெள்ளைவெளேரென்று இருக்கிறது, முடியும் இமையும் வெள்ளை. ஊரில் ‘வெள்ளைக்காரி’ என்று கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் கூடவே அளத்துக்கு அழைத்துப் போவார்களாம். முகமும் கழுத்தும் சிவந்து கொப்புளம் போடுகிறது, உதடு வெடித்துப் புண்ணாகிறது, கண்ணைத் திறக்க முடியாமல் கூசுகிறது, என்ன பூசலாம் என்று கேட்டிருந்தாள்.

கேசட்டில் டாக்டரம்மா சொன்ன பிள்ளை இவள்தான் என்று படிக்கும்போதே எனக்குத் தெரிந்தது. உப்புப் பாத்தி வெயிலை மேலே திருப்பி அடிக்கும் இடம். குடை பிடித்தாலும் கீழிருந்து வரும் கதிர் முகத்தில் படும். அந்தக் குழந்தையை அங்கே அழைத்துப் போகாதீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். முழுக்கைச் சட்டை, காதும் பிடரியும் மறையும்படி அகலமான தொப்பி, காலை பத்து மணிக்குமேல் சாயங்காலம் நாலு மணி வரை நிழல். சன் ஸ்கிரீனை அழகுப் பொருளாக நினைக்காமல் மருந்தாக வாங்கிப் பூசுங்கள், அரசு மருத்துவமனைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பார்வையும் மங்கலாக இருக்கும், கண் டாக்டரையும் பாருங்கள், வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். உதட்டிலோ காதிலோ பிடரியிலோ ஆறாத புண் வந்தால் தாமதிக்காதீர்கள். வெள்ளரிக்காய் ஃபேஸ் பேக் போடும் இடத்தில் இவ்வளவும் அடங்கியிருக்கும்.

நான் அச்சில் கொடுத்த பதில் இது: ‘எத்தனையோ பேர் ஏங்கும் நிறம் உங்கள் மகளுக்குப் பிறவியிலேயே கிடைத்திருக்கிறது. அதிர்ஷ்டசாலி! கடலைமாவில் தயிர் குழைத்துப் பூசிவர எரிச்சல் தணியும்.’

ஏன் அப்படி எழுதினேன் என்று எத்தனையோ முறை எனக்கு நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். அவசரம் என்று சொல்ல முடியாது, யோசித்துத்தான் எழுதினேன். பக்கத்தின் தொனி கெடக்கூடாது என்று பார்த்தேன். இன்னும் கீழே போனால், ஒரு சின்னப் பொறாமைகூட இருந்தது என்று நினைக்கிறேன். மாநிறத்துக்கும் ஒரு படி கீழே பிறந்து, பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்’ என்று எழுந்து போனதையெல்லாம் பார்த்தவள் நான். நிறம் கூடுதலாகக் கிடைத்ததை ஒரு குறையாக என்னால் பார்க்க முடியவில்லை. கொப்புளம் என்று எழுதியிருந்தும் என் கண்ணுக்கு வெள்ளைதான் தெரிந்தது.

ஆப்பிரிக்காவில், முக்கியமாகத் தான்சானியா போன்ற நாடுகளில், நிறமியில்லாமல் பிறப்பவர்கள் பலர் நடுவயசைத் தாண்டுவதற்குள் தோல் புற்றால் இறந்துபோகிறார்கள் என்று பிறகு படித்தேன். கிளிமஞ்சாரோ மலையடிவாரத்து மோஷி நகரில் அவர்களுக்கென்றே சன் ஸ்கிரீன் தயாரித்துக் கொடுக்கிறார்கள். அதைப் படித்த நாளில் அந்த லெட்டரின் ஞாபகம் வந்து, பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டேன். பழைய கடிதங்கள் எல்லாம் எடைக்குப் போய்விட்டன என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பது வயசுக்கு மேல் இருக்கும்.

பெரியம்மா கதைக்கு முகவரி தேட வேண்டிய அவசியம் இல்லை. என் அம்மாவின் அக்கா, சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள், தஞ்சாவூர்ப் பக்கம். விடிவதற்கு முன்னால் கட்டிய சேலையை ராத்திரி படுக்கும்போதுதான் தளர்த்துவாள். ஒரு கல்யாண வீட்டில், பெண்கள் சேலை மாற்றும் அறையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். “நீதான் தோலைப் பத்தியெல்லாம் எழுதுறியே. இதைப் பாருடி.” இடுப்பின் இடப்பக்கம், நாடா முடிச்சு உட்காரும் இடத்தில், கறுத்து வரிவரியாகத் தடித்திருந்தது. அதன் நடுவே காசு அகலத்துக்கு ஒரு புண். “ஆறுற மாதிரி இருக்கும், திரும்பப் பொறுக்குத் தட்டி உடைஞ்சிரும். மாசக்கணக்கா இப்படித்தான்.”

“நாடாவைக் கொஞ்சம் மேல தள்ளிக் கட்டுங்க பெரியம்மா. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போடுங்க, சரியாயிடும்.”

வாய் இதைச் சொல்லும்போதே டாக்டரம்மாவின் குரல் காதில் ஓடியது. கல்யாண வீட்டில் எப்படி அந்த வியாதியின் பெயரைச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். முகூர்த்தம் முடிந்தபின் சொல்லியிருக்கலாம். ஊருக்கு வந்து போன் போட்டிருக்கலாம். ஒருவேளை அது வெறும் புண்ணாக இருந்துவிட்டால், வீணாகப் பயமுறுத்தியவள் என்று பெயர் வருமே என்று தள்ளிப்போட்டேன்.

அடுத்த தீபாவளிக்குள் புண்ணின் விளிம்பு மேடாக எழும்பி, நாற்றமும் வந்துவிட்டது. என் அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும், கத்தி பட்டால் பரவிவிடும் என்று உறவுக்காரர்கள் இன்னும் சில வாரம் தடுத்தார்கள். கத்தி பட்டுப் பரவுவதில்லை, கத்தி படாமல் இருப்பதால்தான் பரவுகிறது. அப்போதும் நான் வாய் திறந்து அதைச் சொல்லவில்லை. செதிள்செல் புற்று என்று ரிசல்ட் வந்தது. சுற்றிலும் நல்ல சதையையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். தொடை இடுக்கின் நெறிக்கட்டியில் இறங்கியிருக்கவில்லை. அது அவள் அதிர்ஷ்டம்.

இந்தப் புற்று நம் டாக்டர்களுக்குப் புதிதும் இல்லை. பம்பாயில் வி. ஆர். கனோல்கரும் சூரியாபாயும் வேட்டி கட்டுகிறவர்களின் இடுப்பில் வரும் புற்றை 1945-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். பிறகு சேலை கட்டும் பெண்களிடமும் அதையே கண்டார்கள். காஷ்மீரில் குளிருக்குக் கங்குச் சட்டியை அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்வதால் வயிற்றிலும் தொடையிலும் வருவது அதற்கும் முன்பே தெரிந்திருந்தது. ஆறாத புண்ணிலும் பழைய தழும்பிலும் எழும்பும் புண்ணுக்கு மார்ஜோலின் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் அதைப் பற்றி எழுதியது 1828-இல். கோடிக்கணக்கான பெண்கள் சேலை கட்டுகிறார்கள், மிகச் சிலருக்குத்தான் வருகிறது. சேலையின் மேல் எனக்குப் புகார் ஒன்றுமில்லை. கயிறு மாதிரி மெல்லிய நாடாவை ஒரே இடத்தில் ஆயுசு முழுவதும் இறுக்குவதும், தடித்துப்போனதைத் தழும்புதானே என்று விட்டுவிடுவதும்தான் கோளாறு. அகலப் பட்டி வைத்துத் தைத்த பாவாடை, இடம் மாற்றிக் கட்டுவது, வீட்டில் இருக்கும்போது தளர்த்துவது, இவ்வளவுதான் தடுப்பு. தையற்காரரிடம் சொன்னால் போதும்.

சில வருஷங்களுக்கு முன்னால் பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். எனக்கு அன்றைக்கே சந்தேகம் இருந்தது, சொல்லவில்லை என்று. “சொல்லியிருந்தா மட்டும் நான் போயிருப்பேனாக்கும்! போடி” என்றாள். மன்னிப்பு மாதிரி இருந்தது. அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். லேசாகத் தும்மினாலே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்துகிறவள் அவள்; டிரங்குப் பெட்டியில் எல்லாச் சீட்டும் இருக்கிறது. நான் சொல்லியிருந்தால் மறுநாளே போயிருப்பாள். வெட்டியது பாதியோடு நின்றிருக்கும், தொடைத் தோல் மிஞ்சியிருக்கும். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டாள். கொசுவம் நிற்கவில்லை என்று ஒட்டுப்போட்ட இடத்தைத் திட்டிக்கொண்டே வீட்டில் நைட்டி போடுகிறாள்.

பாதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடகர் பாப் மார்லியின் கால் விரல் நகத்துக்கு அடியில் 1977-இல் மெலனோமா என்ற தோல் புற்றைக் கண்டுபிடித்தார்கள். பந்து விளையாடிப் பட்ட காயம் என்றே முதலில் நினைத்திருந்தார். விரலை எடுத்துவிடச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. 1981 மே மாதம், 36 வயதில் இறந்துபோனார். கறுப்புத் தோல்காரர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இப்படிப் பாதத்திலும் நகத்திலும்தான். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நகத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்து, அது அகலமாகிக்கொண்டே போய் நகக்கண்ணின் சதையிலும் கறுப்பு ஏறினால் காட்ட வேண்டும். நம்மூரில் உள்ளங்கால் கறுப்பை ஆணி என்று பிளேடால் சீவிவிடுவார்கள். பாதப் பராமரிப்பு என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது எழுதியிருக்கிறேன். வெந்நீர், எலுமிச்சை மூடி, நுரைக்கல், மருதாணி. பாதத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று ஒருமுறையும் எழுதவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரீல்ஸ் பார்த்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே 50 எண் சன் ஸ்கிரீன் பூசுகிறார்கள். மங்குக்கு அது நல்லதுதான். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதைப் பூசிவிட்டதால் தோல் புற்றுக் கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் பூசினால் புற்று குறைகிறது என்று அசைக்க முடியாமல் காட்டிய ஆய்வு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், நம்பூர் என்ற ஊரில் நடந்தது. 1992-இல் 1,621 பேரைச் சேர்த்துத் தொடங்கினார்கள்; தினமும் பூசியவர்களிடம் செதிள்செல் புற்று 40 சதவீதம் அளவுக்குக் குறைந்தது, பிற்பாடு மெலனோமாவும் குறைந்தது தெரிந்தது. சுள்ளென்று வெயிலடிக்கும் அந்த நாட்டில் வெள்ளைத்தோலோடு குடியேறியவர்கள் வாழ்கிறார்கள்; 1981-லிருந்தே சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று ஒரு கடற்காகத்தை ஆடவிட்டு டி.வி.யில் பாட வைத்தார்கள். அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. நமக்குள் அந்த அவசரம் உள்ளவர்கள் உப்பளத்துப் பெண்குழந்தை மாதிரியானவர்களும், சிறுநீரகம் மாற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும்தான். அவர்களுக்குக் களிம்பு வாங்கப் பணம் இருக்கிறதா என்று ரீல்ஸில் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளையின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். பஸ் ஜன்னலிலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே ஆபீசுக்குப் போவேன். என் பக்கத்தில் வந்த எந்தக் குறிப்பையும்விட அது மேலான பாதுகாப்பு. அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றியதே இல்லை. அவர்கள் பத்திரிகை வாங்குகிறவர்கள் இல்லை என்பது என் எண்ணம்.

போன வருஷம் பெரியம்மா ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். வெட்டிய பத்தியை நினைவிலிருந்து எழுதி எடுத்துப் போனேன். இடுப்பைச் சொன்னேன், தழும்பைச் சொன்னேன், உள்ளங்காலைச் சொன்னேன், கத்தி பட்டால் பரவாது என்று சொன்னேன். பெரியம்மாவே முன்வரிசையில் உட்கார்ந்து, தன் புண் எப்படி இருந்தது என்று கைவிரலை வளைத்துக் காட்டினாள். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். இளவயசுப் பெண் ஒருத்தி எழுந்தாள். “மேடம், மங்கு போறதுக்கு என்ன போடலாம்?”

மருந்துக்கடைக் களிம்பு வேண்டாம் என்று ஆரம்பித்தேன். பிறகு முல்தானி மட்டி, கற்றாழை, எந்த சோப்பு, எத்தனை முறை கழுவலாம், கண்ணுக்குக் கீழே கருவளையம் என்று கேள்வி கேள்வியாக வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் உற்சாகமாகப் பதில் சொன்னேன். இடுப்புக்கும் பாதத்துக்கும் சேர்த்து நான் அவ்வளவு நேரம் எடுத்திருக்கவில்லை.